மயக்க டாக்டர்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் சொந்தக்காரர்கள் யாரைக் கும்பிடுவார்கள்? கத்தி பிடித்தவரைத்தான். நோயாளியின் தலைமாட்டில் மணிக்கணக்காக இருந்தவர் யார் என்று கேட்டால் "மயக்க டாக்டர்" என்பார்கள். அவருக்குப் பெயர்கூடக் கிடையாது, பாவம்!

ஊசி போட்டுத் தூங்க வைப்பதோடு அவர் வேலை முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், நோயாளி எத்தனை நாளில் எழுந்து நடந்து வீட்டுக்குப் போவார் என்பதில் பாதி அவர் கையில்தான் இருக்கிறது.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும்போது விக்கிரவாண்டி தாண்டினால் முண்டியம்பாக்கம். 2010இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி அங்கேதான். குடலில் ஓட்டை, அடைப்பு, கட்டி என்று வயிற்றைத் திறக்க வேண்டிய கேஸ் என்றால் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அது, இல்லையென்றால் பாண்டிச்சேரி ஜிப்மர். வைத்தியம் இலவசம்தான். ஆனால் நோயாளிக்குக் கூலி போச்சு, கூட இருப்பவருக்கும் கூலி போச்சு. மல்லாட்டை பிடுங்கும் நேரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். பி.காம் பாடத்தில் 'வாய்ப்புச் செலவு' என்று படிப்பது இதைத்தான். ஒரு வீட்டில் இரண்டு பேர் பத்து நாள் முடங்கினால் அது எந்த பில்லிலும் வராது!

சரி, விஷயத்துக்கு வருவோம். டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்ரிக் கெலெட், ஆபரேஷன் நன்றாக முடிந்த பிறகும் நோயாளி ஏன் படுத்தே கிடக்கிறார் என்று யோசித்தார். வலி, வாந்தி, வேலை செய்யாத குடல், உடம்பில் ஏறிய நீர், படுக்கையே கதி என்று இருப்பது... காரணங்கள் இவைதான். ஒன்றை மட்டும் சரி செய்தால் போதாது, எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்று 1997இல் எழுதினார். ஒரு வேடிக்கை: கெலெட் சர்ஜன், ஆனால் கட்டுரை வந்தது பிரிட்டனின் மயக்கவியல் இதழில்! இந்த முறைக்குத்தான் பிற்பாடு 'ஈராஸ்' என்று பெயர் வந்தது.

இதில் மயக்க டாக்டர் என்ன செய்கிறார்? முதலில் பட்டினி. "ராத்திரிக்கு மேல பச்சைத் தண்ணிகூட பல்லுல படக்கூடாது" என்பது பழைய சட்டம். மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போய்விடும் என்ற பயம் நியாயமானதே. ஆனால் வெறும் தண்ணீர் இரைப்பையில் அதிக நேரம் தங்குவதில்லை. அதனால் திட்டமிட்ட ஆபரேஷனில், வேறு சிக்கல் இல்லாதவர்களுக்கு, 2 மணி நேரம் முன்பு வரை தண்ணீர் தரலாம், லேசான உணவை 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தினால் போதும் என்கிறார்கள். (யாருக்கு எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நாமே முடிவு செய்யக் கூடாது!)

அடுத்தது வலி. மார்பின் போன்ற மருந்து வலியை அடக்கும், கூடவே குடலையும் தூங்க வைத்துவிடும். வார்டில் "காத்து பிரிஞ்சுதா?" என்று தினமும் கேட்பது இதனால்தான். முதுகில் மெல்லிய குழாய் வைத்தோ, வயிற்றுச் சதையின் அடுக்குகளுக்கு இடையே ஊசி போட்டோ அந்தப் பகுதியை மட்டும் மரக்க வைத்தால் மார்பின் குறையும், குடல் சீக்கிரம் விழிக்கும். வலி இல்லாவிட்டால்தான் மறுநாளே எழுந்து நடக்க முடியும், ஆழமாக மூச்சு விட்டு இருமிச் சளியைத் துப்ப முடியும். குளுக்கோஸ், சலைன் பாட்டில் நிறைய ஏற்றினால் தெம்பு என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை. அளவு மீறினால் குடல் வீங்கிக்கொள்ளும். ஏ.சி. அறையில் உடம்பு சில்லிட்டால் ரத்தப்போக்கும் கூடும், புண்ணில் சீழும் பிடிக்கும். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பவர் தலைமாட்டில் இருப்பவர்தான்.

வெளிநாட்டுக்குச் சரி, நமக்கு ஒத்துவருமா? ராத்திரி 2 மணிக்குக் குடல் ஓட்டையோடு வருபவருக்கு என்ன திட்டம் போடுவது? ஜிப்மரில் இதையே சோதித்தார்கள். சிறுகுடல் புண் ஓட்டையாகி அவசர ஆபரேஷன் செய்தவர்களில் ஒரு பகுதியினருக்கு இந்த முறையைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தார்கள். அவர்கள் சராசரியாக 4 நாளுக்கு மேல் முன்னதாக வீடு திரும்பினார்கள் என்று 2018இல் வெளியிட்டார்கள். நாலு நாள் கூலி, இரண்டு பேருக்கு!

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. கெலெட்டின் குழு 2000இல் வெளியிட்ட பெருங்குடல் ஆபரேஷன் ஆய்வில் 60 பேரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இரண்டே நாளில் வீடு போனார்கள், ஆனால் சுமார் 15 சதவீதம் பேர் திரும்பி வந்து அட்மிட் ஆனார்கள். டென்மார்க்கில் திரும்பி வருவது சுலபம். செஞ்சி பக்கத்துக் கிராமத்தில் ராத்திரி காய்ச்சலும் வயிற்று வலியும் வந்தால்? 108 இருக்கிறது, சரி. எந்த அறிகுறிக்குக் கிளம்ப வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்க வேண்டுமே! சீக்கிரம் அனுப்புவது மட்டும் நடந்து இது நடக்காவிட்டால் ஆபத்து.

கடைசியாக ஒன்று. ஆபரேஷனுக்கு முன் மயக்க டாக்டர் வந்து பீடி உண்டா, குடி உண்டா என்று கேட்பார். பொண்டாட்டி பக்கத்தில் நிற்கிறாள் என்று பலர் "இல்லீங்க" என்பார்கள். பல் ஆடுகிறதா என்றும் கேட்பார். சிரிப்பாக இருக்கும். தொண்டையில் குழாய் விடும்போது அந்தப் பல் கழன்று மூச்சுக்குழாய்க்குள் போய்விடக் கூடாதே என்றுதான் கேட்கிறார்.