பல் டாக்டரின் கழுத்து

இந்தத் திரெட் பல் டாக்டர்களுக்கு. அவங்ககிட்ட போய் வாயைத் திறக்கிற நம்ம எல்லாருக்கும் கூட.

நான் எலும்பு மூட்டு மருத்துவர். கழுத்து வலி, கை மரத்துப்போகுதுன்னு என் ஓ.பி.க்கு வர்றவங்கள்ல பல் மருத்துவர்கள் தனி ரகம். வலியைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, கடைசியில்தான் வருவாங்க. நாற்பதைத் தொடாத ஒரு பல் மருத்துவர் சொன்னார்: "ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து கையை உதறிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன் சார். ஆனா காலைல எட்டு பேர் அப்பாயின்ட்மென்ட்." கிளினிக் லோன் இன்னும் முடியவில்லை. அந்த இ.எம்.ஐ. கட்டுவதே அந்தக் கைதான்.

ஏன் வருது?

நம்ம தலையோட எடை சுமார் 5 கிலோ. 2014ல் வெளியான ஒரு கணக்கீட்டின்படி, தலை 30 டிகிரி முன்னால் சாய்ந்தால் கழுத்து தாங்க வேண்டிய பாரம் சுமார் 18 கிலோ. 60 டிகிரி என்றால் 27 கிலோ. ஒரு சிப்பம் அரிசியை விட அதிகம்.

மூட்டை தூக்குறவர் லாரியில் இறக்கிட்டு மூச்சு விடுவார். பல் டாக்டரால் முடியாது. கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை செய்யும்போது கழுத்து குனிந்து, ஒரு பக்கம் திரும்பி, அப்படியே உறைந்திருக்கும். அசையாமல் இறுகியிருக்கும் தசைக்குள் ரத்த ஓட்டம் குறையும். நடந்தால் வராத களைப்பு, நகராமல் இருந்தால் வருவது இதனால்தான்.

அடுத்து கை. மெல்லிய கருவியை விரல் நுனியில் இறுக்கிப் பிடிச்சு, மணிக்கட்டை மடக்கி, மணிக்கணக்கில் சுரண்டுற வேலை. மணிக்கட்டுக்குள் போகும் நரம்பு நசுங்கினால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போகும். இதுதான் கார்பல் டனல்.

"நான் தினமும் ஜிம் போறேன் சார்" என்பவர்களுக்கு: நல்லது, விடாதீங்க. ஆனா நாள் முழுக்க வளைஞ்சிருந்ததை ஒரு மணி நேரம் சரிக்கட்டாது. வேலை செய்யும் விதம் மாறணும்.

👉 நோயாளியை நல்லா படுக்க வையுங்க. நீங்க வளையாதீங்க, நாற்காலியை நகர்த்துங்க.
👉 மேல்தாடையை முடிந்தவரை கண்ணாடியில் பாருங்க.
👉 லூப் வாங்கினால் அதன் சாய்வுக் கோணம் உங்களுக்குப் பொருந்தணும். பொருந்தாத லூப் கழுத்தை இன்னும் வளைக்கும்.
👉 எடை குறைந்த, பிடி தடிமனான கருவிகளைத் தேர்ந்தெடுங்க.
👉 ஸ்கேலிங் கேஸ்களை அடுத்தடுத்து போடாதீங்க. நடுவில் 1 நிமிஷம் எழுந்து நில்லுங்க.

அந்த மருத்துவருக்கு நரம்புப் பரிசோதனை செய்து, இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் ஸ்ப்ளின்ட் கொடுத்தோம். கருவிகளை மாற்றினார். இப்போ தூங்குகிறார். எல்லாருக்கும் இவ்வளவு சுலபமாக முடியாது. கருவி கை நழுவுது, கட்டைவிரல் அடிச்சதை மெலியுது என்றால் வலி மாத்திரை போட்டு ஓட்டாதீங்க. நரம்பு நாள் கணக்கில் காத்திருக்கும், வருஷக் கணக்கில் காத்திருக்காது.

நோயாளியா போற உங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. "தலையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க, தாடையைத் தூக்குங்க"ன்னு சொன்னா அலுத்துக்காம செய்யுங்க. நீங்க ரெண்டு அங்குலம் திரும்பினா, அவர் கழுத்துல இருந்து பல கிலோ இறங்கும்.