பேன் தொப்பி

நோர்வேயின் தெற்குக் கரையிலுள்ள கிறிஸ்தியான்சான்ட் நகரில் என் தங்கை குடும்பத்தோடு வாழ்கிறாள். 2023 ஆம் ஆண்டு புரட்டாதியில் போய் மூன்று மாதம் அவளோடு இருந்தேன். ஒரு சனிக்கிழமை என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு வடக்கே சேத்தஸ்டால் பள்ளத்தாக்குக்குப் புறப்பட்டாள். ஒத்ரா ஆறு வழியெல்லாம் கூடவே வந்தது. சில இடங்களில் குளம் போல அகன்று அசையாமல் கிடந்தது. இரு பக்கமும் கரும்பாறை மலைகள். பேர்ச் மரங்களின் இலைகள் மஞ்சளாகியிருந்தன. இவ்வளவு பெரிய இடத்தில் இவ்வளவு குறைந்த சனமா என்று எனக்கு ஏக்கமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது.

அங்கே ஒரு நூதனசாலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய கம்பளிச் சட்டையொன்று இருந்தது. கறுப்பு நிறம். அதன்மேல் வெள்ளைப் புள்ளிகள் இடைவெளி விட்டுச் சிதறியிருந்தன. கழுத்திலும் கைமுனையிலும் துணி வைத்து வண்ண நூலால் பூவேலை செய்திருந்தார்கள். கீழ்ப்பகுதி மட்டும் வெறும் வெள்ளை. ஆண்கள் அதைக் காற்சட்டைக்குள் விட்டு உடுத்துவதால் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குச் சாயமும் வேண்டாம், கோலமும் வேண்டாம் என்று விட்டுவிட்டார்களாம். சிக்கனம் தெரிந்த பெண்கள்! 19 ஆம் நூற்றாண்டில் இந்தப் பள்ளத்தாக்கில் பின்னத் தொடங்கிய சட்டை, பின்னர் நாடு முழுவதும் பரவியிருக்கிறது.

“இதுக்குப் பேர் லூசகொப்த. லூஸ் எண்டால் பேன். பேன் சட்டை” என்றாள் தங்கை.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். பிறகு கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டாள்:

“அக்கா, நீங்கள் வெட்டின என்ரை பின்னலை அம்மா என்ன செய்தவ?”

1995 ஐப்பசி 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் மழையில் நடந்து தென்மராட்சிக்குப் போனதை அனுபவித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நாங்கள் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஐந்து குடும்பங்களோடு இருந்தோம். சவர்க்காரம் இல்லை. கிணற்றடியில் எப்போதும் வரிசை. தங்கைக்கு அப்போது பதினொரு வயது, இடுப்புக்குக் கீழே விழும் கூந்தல். பேன் சீப்பால் வாரி வாரி அம்மாவின் கை ஓய்ந்தது. சொறிந்த இடமெல்லாம் புண்ணாகிக் காய்ச்சலும் வந்தது. ஒருநாள் அம்மா தண்ணீருக்குப் போயிருந்த நேரம், அவளை முழங்காலுக்குள் இறுக்கிப் பிடித்துக் கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டினேன். அவளை நான் கேட்கவில்லை. அவள் கத்தியதைப் பக்கத்து வகுப்பறைச் சனமும் வந்து பார்த்தது. அதைப்பற்றி அவள் அதன்பின் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. நானும் பேசவில்லை.

“அம்மாவின்ரை றங்குப்பெட்டிக்கை இருக்கு. சீலைத் துண்டாலை சுத்தி வைச்சவ” என்றேன். அவள் தலையாட்டினாள். திரும்பி வரும்போது பாதி வழி வரை காருக்குள் பேச்சில்லை.

அடுத்த கிழமை கறுப்பிலும் வெள்ளையிலும் கம்பளி நூல் வாங்கினேன். பள்ளிக்கூடத்தில் மனையியல் பாடத்துக்குப் பின்னியதுதான் எனக்குத் தெரியும். வட்ட ஊசியில் சுற்றிச் சுற்றிப் பின்னப் பக்கத்து வீட்டு மூதாட்டி சொல்லித் தந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு நோர்வே மொழி தெரியாது. கையைக் கை பார்த்துக்கொண்டது. 96 கண்ணி. ஆறு கண்ணிக்கு ஒன்று வெள்ளை, அதுதான் பேன். பிறகு மூன்று சுற்று வெறும் கறுப்பு. நாலாம் சுற்றில் மறுபடி பேன், ஆனால் முன்னைய இரண்டு பேன்களுக்கு நடுவில் விழ வேண்டும். வேலை இலகு. கஷ்டம் உட்பக்கத்தில்தான். ஒரு பேனிலிருந்து அடுத்த பேன் வரை வெள்ளை நூல் பின்னால் ஓடுகிறது. அதை இறுக்கி இழுத்தால் தொப்பி விரியாது. அதிகம் தளரவிட்டால் போடும்போது விரல் மாட்டும். நான் இழுத்துவிட்டேன். மூதாட்டி ஊசியில் இருந்த கண்ணிகளை விரல்களால் விரித்துக் காட்டி, “இவ்வளவு இடம் விட்டு நூலைக் கொண்டு போ” என்பதுபோலச் சைகை செய்தார். நாலு விரற்கடை அளவு அவிழ்த்து மறுபடி பின்னினேன்.

தங்கை இரவு வேலை முடிந்து வந்து, மேசையில் கிடந்ததைத் தூக்கிப் பார்த்தாள்.

“என்ரை தலையிலை திருப்பியும் பேன் விடப் போறியளோ?”

“ஓம். இந்த முறை உன்னைக் கேட்டுத்தான்.” அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிந்தது. தொண்டை அடைத்துக்கொண்டது.

அவள் தொப்பியை உட்பக்கம் புரட்டினாள். நூல்கள் ஓடிய இடங்களை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் திரும்பும் நாள் காலை வெளியே எல்லாம் உறைந்திருந்தது. அவள் கூந்தலைச் சிறு கொண்டையாக முடிந்து தொப்பிக்குள் விட்டு, காரின் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டினாள். தொப்பி ஒரு காதை முழுதாக மூடவில்லை. கழற்றித் தா, சரிசெய்கிறேன் என்றேன். மாட்டேன் என்றாள்.

விமான நிலையத்தில் பெட்டியைக் கையில் தரும்போதுதான் சொன்னாள்: “அடுத்த முறை வரேக்கை அந்தப் பின்னலைக் கொண்டு வாங்கோ. என்ரை மகளுக்குக் காட்ட வேணும்.”