கம்பியும் குரலும்

சென்னீர்குப்பத்திலுள்ள நம் இல்லத்தில் ஆறு திங்களாக ஒரு வழக்கு நடந்து வந்தது. வாதி நம் மூத்த மகன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பணிபுரிபவர். பிரதிவாதி யாரென்று கேட்பீர்களாயின், கூடத்து அலமாரியின் பின்னால் தூசி படிந்து கிடந்த சில கெஜம் கம்பிதான். ஆம்ப்ளிஃபையரிலிருந்து இரண்டு ஸ்பீக்கர்களுக்கும், டேப் டெக்கிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கும் ஓடுகின்ற அந்தக் கம்பிகளை எடுத்தெறிந்துவிட்டு, விலையுயர்ந்த புதிய கேபிள்களைப் பூட்ட வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. விலை 28,000 ரூபாய் என்றார். வீட்டின் கூடத்தில் ஒரு கணம் பேச்சு நின்றது.

அந்த ஒலிச் சாதனம் நம் வாப்பா மர்ஹூம் அவர்கள் தேடிவைத்தது. 1973-இல் எண்ணெய் விலை ஏறிய பின்னர் அரபு நாடுகளுக்குப் பிழைக்கச் சென்றவர்களுள் அவர்களும் ஒருவர். தம்மாமில் எட்டாண்டுகள் உழைத்து, 1986-இல் ஊர் திரும்பியபோது டேப் டெக்கைக் கையோடு கொண்டுவந்தார்கள். அதைவிட மதிப்பு மிக்க ஒன்று அதற்கு முன்பே நாகூருக்கு வந்து சேர்ந்திருந்தது. ஊருக்கு வருவோர் கையில் வாப்பா கொடுத்தனுப்பிய கேஸட்டுகள்தாம் அவை. அந்நாளில் கடிதம் எழுதுவதற்குப் பதிலாக ஒலிநாடாவில் பேசி அனுப்பும் வழக்கம் நம் குடும்பங்களிலே பரவலாக இருந்ததை மூத்த வாசகர்கள் அறிவார்கள். டிரங்கால் போட்டுக் காத்திருந்து, மூன்று நிமிடத்தில் மூச்சு முட்டப் பேசுவதைவிட, அறுபது நிமிட நாடாவில் ஆற அமரப் பேசுவது மலிவு. எழுதப் படிக்கத் தெரியாத மனைவிமாருக்கோ, பிறர் வாயால் படிக்கக் கேட்க வேண்டிய கூச்சமும் இல்லை. நம் உம்மாவிடம் அப்படிப்பட்ட நாடாக்கள் பதினொன்று இருக்கின்றன. ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் அட்டைப் பெட்டியில், அத்தர்ப் புட்டிகளுக்கு அருகில் வைத்துப் பாதுகாத்து வருகிறார்கள்.

உம்மாவுக்கு இப்போது வயது 84. வாப்பா 1998-இல் வபாத்தானார்கள். பெருநாள் இரவுகளில் அந்த நாடாக்களில் ஒன்றைப் போடச் சொல்வது உம்மாவின் வழக்கம். சென்ற பெருநாளில் போட்டபோது, கம்பளிப் போர்வைக்குள்ளிருந்து யாரோ பேசுவது போலிருந்தது. வாப்பா சொல்லும் 'ஸலாம்' நம் செவிக்கு 'ஹலாம்' என்று கேட்டது. உம்மா சற்று நேரம் கேட்டுவிட்டு, "அவங்க பேச்சு தேஞ்சு போச்சு" என்று சொல்லி எழுந்து சென்றார்கள். மகன் கம்பியின் மீது வழக்குத் தொடுத்தது அதற்குப் பிறகுதான். பாட்டியாரின் மேலுள்ள பாசம் பாதி, ஹை-ஃபை மோகம் பாதி என்று நாம் கணித்தோம். இரண்டையும் குற்றமென்று சொல்வதற்கில்லை.

வீண்விரயத்துக்கு நம் பெரியோர் வைத்த பெயர் 'இஸ்ராஃப்'. ஆனால் காசைக் காப்பதற்காக, காக்க வேண்டிய பொருளைக் கைவிடுவதும் அறமாகாது. நாடா நாளுக்கு நாள் நலிகின்றது. முதுமையில் செவி முதலில் இழப்பது உயர்ந்த ஒலிகளையே என்பதால், உம்மாவின் செவிக்கும் அவகாசமில்லை. ஆகவே, கம்பி என்பது உண்மையில் என்ன செய்கிறது, என்ன செய்யாது என்று முதலில் தெரிந்துகொள்வோம் என மகனிடம் கூறினோம். "கணக்குப் போட்டுப் பாத்தே வாங்குவோம் வாப்பா" என்றார். பொறியியல் படித்த பிள்ளை. அந்த வகையில் நமக்கு நற்பேறுதான்.

ஸ்பீக்கர் கம்பியின் கணக்கு எளிது. ஒரு சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள செம்புக் கம்பி, மீட்டருக்கு ஏறத்தாழ 0.017 ஓம் தடை தருகிறது. நம் கூடத்தில் ஆம்ப்ளிஃபையருக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே ஐந்து மீட்டர். போக வர என்று பார்த்தால் பத்து மீட்டர். பெட்டியோடு இலவசமாக வந்த கம்பியோ நூலினும் சற்றுத் தடித்தது, பருமன் 0.2 சதுர மில்லிமீட்டர்தான். அதன் தடை 0.8 ஓமுக்கு மேல் வருகிறது. எட்டு ஓம் ஸ்பீக்கருக்குப் போக வேண்டிய ஆற்றலில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு வழியிலேயே வெப்பமாகிக் கழிகிறது. அதுமட்டுமன்று. ஸ்பீக்கரின் தடை எல்லா ஒலிக்கும் எட்டாகவே நிற்பதில்லை. சுருதிக்குச் சுருதி ஏறி இறங்கும். ஆகவே மெல்லிய கம்பி சில ஒலிகளைக் கூடுதலாகவும் சிலவற்றைக் குறைவாகவும் தின்றுவிடுகிறது. இதே தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியைப் போட்டால் தடை 0.07 ஓம், இழப்பு நூற்றில் ஒன்றுக்கும் கீழே போய்விடுகிறது. வீட்டில் பிளக் பாயிண்டுகளுக்கு எலக்ட்ரீஷியன் இழுக்கும் சாதாரணச் செம்புக் கம்பியின் பருமனும் இதுதான்! அதற்கு மேல் எத்தனை ஆயிரம் கொட்டினாலும், மீட்பதற்கு எஞ்சியிருப்பது அந்த நூற்றில் ஒன்றுக்குள்தான்.

இனி, உலோகத்தின் பெருமை. வெள்ளிக் கம்பி என்று விற்கிறார்கள். வெள்ளி செம்பைவிட நன்றாக மின்சாரத்தைக் கடத்துவது உண்மையே. ஆனால் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பங்கு அளவே. செம்பில் சற்றுத் தடித்த கம்பி வாங்கினால் அந்த ஆறும் ஈடாகிவிடும். தங்கமோ செம்பைவிடக் குறைவாகவே கடத்தும் என்று சொன்னபோது நம் வீட்டுப் பெண்கள் நம்பவில்லை. பிளக்கின் முனையில் தங்க முலாம் பூசுவது வேறொரு காரணத்துக்காக: தங்கம் களிம்பு ஏறாது. சென்னையின் ஈரக் காற்றில் செம்பு என்ன பாடுபடும் என்பதைப் பாத்திரம் துலக்குவோரிடம் கேட்டால் போதும். பிரியாணித் தேக்சாவுக்கு ஈயம் பூசுகிறோமே, அதைப் போலவே செம்பு இழைகளுக்கு வெள்ளீயம் பூசிய கம்பிகளும் உண்டு. நோக்கம் களிம்பைத் தடுப்பதுதான். நம் பழைய கம்பியின் முனைகளை உருவிப் பார்த்தபோது, இழைகள் பச்சையும் கறுப்புமாகக் களிம்பேறிக் கிடந்தன. முப்பதாண்டுகளாக யாரும் தொடவில்லை. அந்த முனையை ஓர் அங்குலம் நறுக்கி, புதிய செம்பைச் சீவி முறுக்கி இறுக்கியதிலேயே, இடப்பக்க ஸ்பீக்கரில் அவ்வப்போது கேட்ட கரகரப்பு நின்றது. செலவு, ஒரு பிளேடு.

மேனாட்டில் இந்த வழக்கு நம்முடையதைவிடப் பழையது. நோயல் லீ என்ற அமெரிக்கப் பொறியாளர் 1979-இல் மான்ஸ்டர் கேபிள் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, தடித்த ஸ்பீக்கர் கம்பியைத் தனிச் சரக்காக விற்றுப் பெரும் வாணிகமாக்கினார். 1983-இல் 'ஸ்டீரியோ ரிவ்யூ' என்ற அமெரிக்க இதழ், கேட்போருக்கு எந்தக் கம்பி என்று தெரியாதபடி ஒரு சோதனை நடத்தியது. மிக மெல்லிய கம்பியின் குறை கேட்போர்க்குப் புலப்பட்டது. ஆனால் மேசை விளக்குக்குப் போடும் சாதாரணத் தடித்த கம்பியையும் விலையுயர்ந்த கம்பியையும் இசை கேட்கையில் அவர்களால் பிரித்தறிய முடியவில்லை. 2007-இல் ஜேம்ஸ் ராண்டி என்ற மந்திரவித்தைக்காரர், 7,250 டாலர் விலை கூறப்பட்ட ஒரு கம்பியைச் சாதாரணக் கம்பியிலிருந்து செவியால் மட்டும் பிரித்துக் காட்டுவோருக்குப் பத்து இலட்சம் டாலர் தருவதாக அறிவித்தார். அந்தச் சோதனை கடைசிவரை நடைபெறவேயில்லை.

நம் இல்லத்தில் நடைபெற்றது. மகன் தம் நண்பரிடமிருந்து விலையுயர்ந்த கேபிளை இரண்டு நாளைக்கு இரவல் வாங்கி வந்தார். நம் மகள் திரைக்குப் பின்னால் அமர்ந்து, காசைச் சுண்டிப் பார்த்து, அதற்கேற்பக் கம்பியை மாற்றினார். நாகூர் ஹனிபா அவர்களின் பாடல் ஒன்றே திரும்பத் திரும்ப ஒலித்தது. இரவல் கேபிளா, ஹார்டுவேர் கடைக் கம்பியா என்று இருபது முறை கேட்டதில் மகன் சரியாகச் சொன்னது பதினொரு முறை. "காசைச் சுண்டிச் சொல்லியிருந்தாலும் பத்து வந்திருக்கும் நானா" என்று மகள் சொல்ல, அவரே சிரித்துவிட்டார். பழைய மெல்லிய கம்பியை மட்டும் இருபதில் பதினாறு முறை இனங்கண்டார். தோற்றாலும் கணக்கை மறைக்காத பிள்ளை. அதில் நமக்குப் பெருமிதம் உண்டு.

டெக்கிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குச் செல்லும் கம்பியின் வழக்கு வேறு. அதில் ஓடுவது மிக நலிந்த மின்னலை. அந்தக் கம்பியின் உள்ளிழையைச் சுற்றிச் செம்பு வலை போர்த்தியிருக்க வேண்டும். போர்வை கிழிந்தால் ஊரிலுள்ள இரைச்சலெல்லாம் உள்ளே புகும். இது நம் வட்டாரத்தார் நன்கறிந்த சங்கதி. நம் ஊர் ஆவடிக்கும் பூவிருந்தவல்லிக்கும் இடைப்பட்ட சாலையில் உள்ளது. வானொலியின் ஆற்றல் மிக்க மத்திய அலை ஒலிபரப்பு ஆவடியிலிருந்து நடந்த அந்நாளில், கேஸட் ஓடாத நேரத்திலும் சில வீடுகளின் ஆம்ப்ளிஃபையரில் மெல்லிய குரலில் செய்தி வாசிக்கப்படும். ஜின் வேலை என்று அஞ்சியவர்களும் உண்டு! போர்வையற்ற கம்பி ஏரியலாகிவிடுவதன்றி அதில் வேறு மாயமில்லை. கம்பி பத்து மீட்டர், பதினைந்து மீட்டர் என நீண்டால், சில பழைய சாதனங்களில் உயர்ந்த ஒலிகள் மங்குவதும் உண்டு. நம்முடையதோ ஒரு மீட்டர். போர்வை சரியாக அமைந்த கம்பியொன்றை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கு வாங்கினோம். எந்நேரமும் கேட்ட 'ம்ம்ம்' என்ற ஐம்பது சுழற்சி உறுமல் மட்டும் போகவில்லை. தொலைக்காட்சிக்கு வரும் டிஷ் கம்பியைக் கழற்றியதும் அது நின்றது. இரண்டு சாதனங்கள் இரண்டு வழியாக எர்த்தைத் தொட்டால் அப்படி நேரும்.

இத்தனைக்குப் பிறகு வாப்பாவின் நாடாவைப் போட்டோம். கரகரப்பு இல்லை, உறுமல் இல்லை. ஆனால் 'ஹலாம்' இன்னும் 'ஹலாம்' ஆகவே இருந்தது.

பூவிருந்தவல்லியில் பழைய ரேடியோக்களைப் பழுது பார்க்கும் முதியவர் ஒருவர் இருக்கிறார். எல்லாரும் அவரை மெக்கானிக் பாய் என்றே அழைப்பர். வீட்டுக்கு வந்தவர் கம்பிகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. டெக்கின் மூடியைத் திறந்து, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ஒலித்தலையைத் துடைத்தார். பஞ்சு காப்பி நிறமாயிற்று. தளர்ந்திருந்த ரப்பர் பெல்ட்டை மாற்றினார். பிறகு நாடாவை ஓடவிட்டு, ஒலித்தலையின் பக்கத்திலிருந்த ஒரு சிறு திருகை மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் மயிரிழை அளவு திருப்பினார்.

காரணத்தைப் பின்னர் விளக்கினார். 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய இந்தக் கேஸட்டில் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் நகர்கிறது. 'ஸ', 'ஷ' போன்ற ஒலிகள் நொடிக்கு ஐயாயிரம் அதிர்வுகளை ஒட்டியும் அதற்கு மேலும் வாழ்கின்றன. ஐயாயிரம் அலைகள் நான்கே முக்கால் சென்டிமீட்டரில் அடங்கினால், ஓர் அலையின் நீளம் ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கு. பதிவு செய்த தலையும் கேட்கின்ற தலையும் ஒரே சாய்வில் நிற்காவிட்டால், அத்தனை நுண்ணிய அலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து அழிந்து தோன்றும். தடித்த ஒலிகள் மட்டும் மிஞ்சும். வாப்பா தம்மாமில் பேசியது யாரோ ஒரு நண்பரின் சிறு டேப்ரிக்கார்டரில். அதன் தலை அதற்குரிய சாய்வில் இருந்திருக்கிறது. நம் டெக்கின் தலையோ காலப்போக்கில் வேறு பக்கம் சாய்ந்திருக்கிறது. நாடாவில் குரல் தேயவேயில்லை.

திருகு திரும்பிய அந்தக் கணத்தைச் சொல்ல வேண்டும். போர்வை விலகினாற்போல் இருந்தது. "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று வாப்பாவின் குரல், 'ஸ' முழுமையாக, கூடத்தில் ஒலித்தது. அடுக்களைப் படியில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த உம்மா நிமிர்ந்து பதில் ஸலாம் சொன்னார்கள். கீரையைக் கீழே வைக்கவில்லை. வாப்பா மழை பெய்ததா என்று கேட்டார்கள். கிணற்றடிச் சுவரைப் பூசச் சொன்ன கொத்தனார் வந்தாரா என்று கேட்டார்கள். பிள்ளைக்கு அனுப்பிய செருப்பு அளவாக இருக்கிறதா என்றார்கள். அந்தப் பிள்ளை நாம்தான். அதைக் கேட்டு உம்மா, "பெரிசா இருந்துச்சு, பஞ்சு வெச்சுப் போட்டான்" என்று நாடாவுக்குப் பதில் சொன்னார்கள். எப்போதும் கடைசிவரை இருந்து கேட்கும் மகன் அப்போது வெளியே எழுந்து போய்விட்டார்.

மறுநாளே, கணினியில் ஏற்றும் வேலை தொடங்கியது. நாடாக்கள் வெவ்வேறு கருவிகளில் பதிவானவையாதலால், ஒவ்வொன்றுக்கும் திருகைத் தனித்தனியே திருப்பிச் சாய்வைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. மகன் அதைக் கற்றுக்கொண்டுவிட்டார். ஸ்பீக்கர்களுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியே போட்டிருக்கிறோம். சிவப்பும் கறுப்பும் இடம் மாறினால் அடித்த ஒலி தடிப்பிழந்து போகுமென்பதால், முனைகளில் நிறக்காகிதம் ஒட்டி வைத்திருக்கிறார். இரவல் கேபிள் உரியவரிடம் போய்ச் சேர்ந்தது. கம்பி, பெல்ட், மெக்கானிக் பாய்க்குக் கூலி எல்லாம் சேர்த்து மூவாயிரத்துக்குள் முடிந்தது. மிச்சப்பட்ட தொகையில் உம்மாவின் செவியைச் சோதிக்க மருத்துவரிடம் நாள் குறித்திருக்கிறோம்.

இதுவரை ஏழு நாடாக்கள் ஏறிவிட்டன. மூன்று மீதமிருக்கின்றன. பதினோராவதில் நாடா அறுந்திருக்கிறது. அதை ஒட்டுவதற்கு மெக்கானிக் பாய் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.