அடுக்கா? வரிசையா?

நிரல் எழுதப் பழகுகிறவர்களுக்கு ஆரம்பத்திலேயே வரும் பாடங்கள் இரண்டு. ஒன்று அடுக்கு, இன்னொன்று வரிசை. ஸ்டேக், கியூ என்றும் சொல்வார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம் தோழிகளே! நம் சத்துணவுக் கூடத்திலேயே இரண்டும் இருக்கின்றன.

கழுவிய தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கிறோம். எடுக்கும்போது மேல்தட்டுதான் கைக்கு வரும். கடைசியில் வைத்தது முதலில் வருகிறது. இது அடுக்கு. அதே தட்டோடு சாப்பாட்டுக்கு நிற்கிறோமே, அது வரிசை. முதலில் வந்தவருக்கு முதலில் சாதம்.

அடுக்கில் வைப்பதற்குப் 'புஷ்' என்றும் எடுப்பதற்குப் 'பாப்' என்றும் பெயர். அடைப்புக்குறி சரியா என்று கணினி பார்ப்பது இப்படித்தான். திறக்கும் குறி வந்தால் அடுக்கில் வைக்கும். மூடும் குறி வந்தால் மேலே இருப்பதை எடுத்து, ஜோடி சேருகிறதா என்று பார்க்கும். ( [ ] ) சரி. ( [ ) ] தப்பு. எண்ணிப் பார்த்தால் இரண்டிலும் நாலு குறிதான்! எண்ணிக்கை காட்டாத தப்பை அடுக்கு காட்டிவிடும். ஜெர்மனியைச் சேர்ந்த பாவர், சாமல்சன் இருவரும் 1957-ல் இந்த முறைக்குக் காப்புரிமை கேட்டார்கள்.

வரிசைக்கு உதாரணம் பிரிண்டர். நாலு பேர் அனுப்பினால், முதலில் அனுப்பியவர் தாள் முதலில் வரும். டென்மார்க்கைச் சேர்ந்த எர்லாங், தொலைபேசி அழைப்புகளைக் கணக்கால் ஆராய்ந்து 1909-ல் கட்டுரை எழுதினார். வரிசைகளைப் பற்றிய கணிதம் அங்கிருந்துதான் வளர்ந்தது.

இதையெல்லாம் படித்தபிறகு என் கண்ணில் பட்டது எங்கள் வகுப்பு நோட்டுக் கட்டு.

கணக்கை எப்போதும் முதலில் முடித்து நோட்டு வைப்பவள் என் பக்கத்து பெஞ்சுத் தோழி. அதனாலேயே அவள் நோட்டு அடியில் போய்விடும். டீச்சர் மேலிருந்து திருத்திக்கொண்டு வருவார்கள். 40 நோட்டில் பாதி தாண்டும்போது மணி அடித்துவிடும். மறுநாள் புது நோட்டுகள் அதன் மேலேயே ஏறும். ஒருநாள் அவள், "சீக்கிரம் போட்டு என்னடி பிரயோஜனம்? இனிமே நானும் மெதுவாவே வைக்கப் போறேன்" என்றாள். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. இதில் டீச்சர் மேல் குற்றம் இல்லை. வரிசை இருக்க வேண்டிய இடத்தில் அடுக்கு இருக்கிறது, அவ்வளவுதான்.

பாடத்தில் ஒரு கேள்வி உண்டு. இரண்டு அடுக்குகளை மட்டும் வைத்து ஒரு வரிசை செய்ய முடியுமா? முடியும்! முதல் அடுக்கில் 1, 2, 3 என்று வையுங்கள். மேலே 3 இருக்கும். ஒவ்வொன்றாக எடுத்து இரண்டாவது அடுக்கில் போடுங்கள். இப்போது மேலே 1 வந்துவிடும்.

டீச்சரிடம் போய்ச் சொன்னேன். "அத்தனை நோட்டையும் ஒவ்வொண்ணா மாத்தச் சொல்றியா?" என்று சிரித்தார்கள். "வேணாம் டீச்சர், கட்டை அப்படியே கவுத்து வைச்சாப் போதும்" என்றேன். கணினியால் கவிழ்க்க முடியாது, நம் கையால் முடியுமே!

அன்று தோழியின் நோட்டுதான் முதலில் வந்தது. ஆனால் கடைசியில் வைத்தவர்கள், "அப்ப எங்க நோட்டு மட்டும் மிச்சமா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்கும் பாடத்திலேயே விடை இருக்கிறது. இரண்டாவது அடுக்கு காலியாகும்வரை முதல் அடுக்கைத் தொடக் கூடாது. அதாவது, நேற்று மிஞ்சிய நோட்டுகள் முடிந்தபிறகுதான் இன்றைய கட்டைக் கவிழ்க்க வேண்டும். டீச்சர் இப்போது மேஜையில் இரண்டு கட்டுகள் வைத்திருக்கிறார்கள். யார் நோட்டும் அடியிலேயே தங்குவதில்லை.

அடுக்கு கெட்டது, வரிசை நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. வந்த வழியே திரும்ப வேண்டிய வேலைக்கு அடுக்குதான் வேண்டும். ஆனால் ஆட்கள் காத்திருக்கும் இடத்தில் வரிசைதான் நியாயம். ரேஷன் கடையிலும் தண்ணீர்க் குழாயடியிலும் அடுத்த முறை நிற்கும்போது, அங்கே நடப்பது வரிசையா, அடுக்கா என்று பாருங்கள்!

- 9-ஆம் வகுப்பு மாணவி