ஏழு மணிக் கூட்டம்

மாலை ஏழு மணியானால் வயிற்றைப் பிசையும். அண்ணன் வேலை முடிந்து வரும் நேரம். கால் வீட்டுப் பக்கம் திரும்புமா, கடைப் பக்கம் திரும்புமா என்று அண்ணியும் அம்மாவும் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். குடியை நிறுத்த நினைக்கிறவர்கள் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) கூட்டங்கள் பலவற்றை அந்த வேளையில்தான் வைக்கிறார்கள் என்று பிற்பாடு தெரிந்தபோது, யாரோ எங்கள் வீட்டுக்குள் இருந்து பார்த்துவிட்டு நேரம் குறித்த மாதிரி இருந்தது.

கூட்டம் நடக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. மதுக்கடைக்கு யாரும் வழி கேட்பதில்லை. 2003-இல் தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கு வந்தபிறகு, எந்த ஊரில் இறங்கினாலும் கடை கண்ணில் பட்டுவிடும். குடியை நிறுத்த நினைக்கிறவன் கூடும் இடத்தைத்தான் குசுகுசுவென்று விசாரிக்க வேண்டியிருந்தது. குரோம்பேட்டையில் எங்களைத் தெரிந்தவர்கள் யார் காதிலும் விழக்கூடாது என்று அம்மா பயந்தாள். அண்ணன் சாக்கடை ஓரத்தில் விழுந்துகிடந்ததை ஊரே பார்த்திருந்தது. இருந்தாலும் அம்மாவுக்கு அந்த பயம் போகவில்லை. நம் வீடுகளில் குடிப்பதைவிடக் குடியை நோய் என்று ஒப்புக்கொள்வதற்குத்தான் வெட்கம் அதிகம்.

கடைசியில் வழி சொன்னது ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா. அண்ணன் ஒரு வைராக்கியத்தில் குடியைச் சட்டென்று நிறுத்தியிருந்தார். மூன்றாம் நாள் கை நடுங்கியது. சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று துணியால் தட்டிக்கொண்டே இருந்தார். வருடக்கணக்காகக் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம் என்று டாக்டர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். இதைச் சொல்லாமல் மேலே எழுத எனக்கு மனம் வரவில்லை: முதலில் டாக்டர், பிறகு கூட்டம். அந்த அம்மா மருந்துக்கடைச் சீட்டின் பின்பக்கம் ஒரு எண்ணை எழுதிக் கொடுத்தார். “என் வீட்டுக்காரர் இப்போ அங்கதான் போறார். நீ பேசாதே கண்ணு, உங்க அண்ணனையே பேசச் சொல்லு.”

அண்ணன் பேசினார். எவ்வளவு குடிப்பீர்கள் என்று எதிர்முனையில் இருந்தவர் கேட்கவே இல்லையாம். மகளின் காதுகுத்துக்கு எடுத்து வைத்த பணத்தைத் தான் குடித்த கதையைச் சொன்னாராம். அண்ணன் போனைக் காதில் வைத்தபடியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

ஏ.ஏ.வைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் வில்சனின் கதையைப் படித்தபோது அந்தத் திண்ணைதான் ஞாபகம் வந்தது. 1935 மே மாதம் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு ஓட்டல் முகப்புக் கூடம். பில் தேடி வந்த வியாபாரம் கைவிட்டுப் போயிருந்தது. குடியை விட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஒரு பக்கம் பாரிலிருந்து சிரிப்புச் சத்தம், இன்னொரு பக்கம் டெலிபோன். அவர் டெலிபோனை எடுத்து தேவாலயங்களுக்குப் பேசினார். தன்னோடு பேச ஒரு குடிநோயாளி வேண்டும் என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். கால்மணி நேரம்தான் என்று சொல்லி வந்தவர் இரவு பதினோரு மணி தாண்டியும் பேசிக்கொண்டிருந்தார். பாப் கடைசியாகக் குடித்த ஜூன் 10-ஐத்தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் பிறந்தநாள் என்கிறார்கள். குடித்தவன் வாயிலிருந்து வந்தால்தான் குடிக்கிறவன் காதில் ஏறும். அம்மாவின் அழுகையும் என் கோபமும் அண்ணனிடம் எடுபடாமல் போனது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது.

நாங்கள் போனது ஒரு பள்ளிக்கூட வகுப்பறைக்கு. கரும்பலகையில் பதிவு 42, வருகை 39 என்று காலையில் எழுதியது அழியாமல் இருந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் மீசை நரைத்த ஆண்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பேப்பர் கப்பில் டீ, மாரி பிஸ்கட். பெயரைச் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்று ஒவ்வொருவராக எழுந்தார்கள். கட்டணம் கிடையாது, பதிவேடு கிடையாது. முடிவில் ஒரு பை சுற்றி வரும்; முடிந்தவர்கள் போடலாம். வெளியார் பணத்தை வாங்குவதில்லை என்பது அவர்கள் மரபு. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றுதான் சேர்வதற்குத் தகுதி.

அன்று அண்ணன் வாயே திறக்கவில்லை. இடையில் ஒருமுறை மறுபடியும் குடித்துவிட்டு மூன்று வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. குழுவிலிருந்து தேடி வந்தவர் ஏன் குடித்தீர்கள் என்று கேட்காமல், “இன்னைக்கு ஏழு மணிக்கு வர்றீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

குடிக்கிறவருக்கு மட்டும் துணை இருந்தால் போதாது. சென்னையைச் சேர்ந்த சாந்தி ரங்கநாதன் குடியால் கணவரை இழந்தவர். 1980-இல் இந்த நோய்க்கென்றே சிகிச்சை மையம் தொடங்கியவர், குடும்பத்தாரையும் சிகிச்சைக்குள் சேர்த்துக்கொண்டார். குடும்பத்தாருக்கும் துணை கிடைப்பதன் அருமை அண்ணியைப் பார்த்தால் தெரியும். பில்லின் மனைவி லூயிஸ் முன்நின்று 1951-இல் ஆரம்பித்த, குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டத்துக்கு அண்ணி போகிறாள். அண்ணனின் சட்டைப்பையைத் துழாவுவதை அங்கே போன பிறகுதான் விட்டாள்.

எனக்கு இப்போது வேறொரு கவலை. அண்ணனின் குழுவுக்கு ஒரு பெண் வந்தார். அத்தனை ஆண்களுக்கு நடுவே கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவர் அடுத்த வாரம் வரவில்லை. குடிக்கும் ஆணுக்காவது தேடி அலைய ஒரு அம்மா, ஒரு தங்கை இருக்கிறாள். குடிக்கும் பெண்ணுக்காக யார் வராந்தாவில் நிற்கிறார்கள்? பெண்களுக்கென்று தனியாகக் கூட்டம் நடக்கும் இடத்தை அண்ணி விசாரித்துக்கொண்டிருக்கிறாள். கிடைத்ததும் அவரை நானே கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறேன்.