நாலாவது இடைவெளி

இசிஜித் தாளில் ஓடும் கோட்டை இதயத்தின் படம் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது தோல்வரை வந்து சேரும் மின்சாரத்தின் கணக்கு. ஓய்விலிருக்கும் இதயத் தசைச் செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட சுமார் 90 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். சோடியம் உள்ளே பாய்ந்ததும் இது தலைகீழாகிறது. வலது மேலறையின் சைனஸ் கணுவில் தொடங்கும் அந்த மாற்றம் செல்லுக்குச் செல் தாவி, நடுவிலுள்ள கணுவில் சற்றே நின்று, பிறகு கீழறைகளில் பரவுகிறது. அந்தச் சிறு தாமதம் இல்லையென்றால் கீழறைகள் நிரம்புமுன்பே சுருங்கிவிடும். இத்தனை பெரிய நிகழ்ச்சியும் நெஞ்சுத் தோலை எட்டும்போது ஓரிரு மில்லிவோல்ட்டாகத் தேய்ந்துவிடுகிறது. தாளில் ஒரு மில்லிவோல்ட்டுக்கு 10 மில்லிமீட்டர் உயரம். மாரடைப்பைச் சொல்லும் எஸ்டி ஏற்றத்துக்குப் பல லீடுகளில், அதாவது இதயத்தைப் பார்க்கும் கோணங்களில், 1 மில்லிமீட்டரே போதும்.

இவ்வளவு நுண்மையான கணக்கு என்பதால்தான், இசிஜி வாசிப்பு விரல் நுனியில் தொடங்குகிறது என்கிறேன். கழுத்துக் குழியிலிருந்து விரலைக் கீழே இழுத்து வந்தால் நெஞ்செலும்பில் ஒரு மேடு தட்டும். அதன் பக்கத்தில் இரண்டாவது விலா. அதற்கடியில் இரண்டாவது இடைவெளி. இன்னும் இரண்டு இறங்கினால் நாலாவது. வி1 என்ற எலக்ட்ரோடு அங்கே வலப்பக்கம், வி2 இடப்பக்கம். அவசரத்தில் இவற்றை மேலே ஒட்டிவிட்டால், வராத மாரடைப்பு எப்போதோ வந்துபோனதுபோல் தாள் காட்டும். பெண்களுக்கு எடுக்கும்போது கூச்சத்தால் இந்தப் பிழை எளிதில் நேரும். ஒரு திரையும் உடன் ஒரு செவிலியரும் இருந்தால் தீர்கிற சிக்கல் இது.

மெஷினே முடிவை அச்சடித்துத் தருகிறதே என்பார்கள். மெஷின் தனக்குக் கொடுத்ததைத்தான் கணக்கிடும். செல்போனில் அனுப்பி இதய நிபுணரிடம் கேட்கலாமே என்பது வலுவான வாதம். சிறிய மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு இசிஜி வழியாக இணைத்துத் தமிழ்நாட்டில் நடந்த ஆய்வில், 2,420 நோயாளிகளில் ஓராண்டு இறப்பு விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. அனுப்புவது உயிர் காக்கிறது, ஐயமில்லை. ஆனால் எலக்ட்ரோடு எந்த இடைவெளியில் ஒட்டியிருந்தது என்பது அந்தப் படத்தில் தெரியாது. சேதமான இதயத் தசையிலிருந்து ரத்தத்தில் கசியும் ட்ரோபோனினைப் பார்க்கலாம் என்றால், அது ஏறவே சில மணி நேரம் பிடிக்கும்.

திண்டுக்கல் பக்கத்து அகரம் போன்ற சிற்றூரில் நெஞ்சைப் பிடிக்கிறது என்று வருபவருக்கு இதெல்லாம் வெறும் நுணுக்கமல்ல. 2023-இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் என 14 மாத்திரைகள் முதல் வேளையாகத் தருகிறார்கள். அந்த முடிவில் இசிஜித் தாளுக்குப் பெரும் பங்கு உண்டு. முதல் தாள் சரியாக இருந்தாலும், 'வாயுதான்' என்று வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அடைப்பு விட்டுவிட்டு வரலாம். இதயத்தின் பின்புறச் சேதம் வழக்கமான பன்னிரண்டு லீடுகளுக்கு நேராகத் தெரியாது, முதுகுப்பக்கம் வி7 முதல் வி9 வரை ஒட்டிப் பார்க்க வேண்டும். வலி நிற்கவில்லையென்றால் பதினைந்து, முப்பது நிமிடத்தில் மறுபடி எடுக்க வேண்டும். எலக்ட்ரோடைக் கழற்றுமுன் தோலில் பேனாவால் குறியிட்டு, அடுத்த முறையும் அதே இடத்தில் ஒட்ட வேண்டும். இல்லையென்றால் கோடு மாறியது இதயத்தாலா நம் கையாலா என்று தெரியாது. இரண்டு தாளிலும் நேரத்தை எழுதி, 108 வண்டியில் நோயாளியோடு திண்டுக்கல்லுக்கு அனுப்ப வேண்டும்.