கொதிநீரில் சுருங்காத தோல்

டிரம்மிலிருந்து அப்போதுதான் இறக்கிய ஆட்டுத்தோல், வெளிர்நீலமாக, ஈரம் சொட்டக் கிடந்தது. கழுத்துப் பக்கம்தான் தடிப்பு அதிகம், மருந்து கடைசியாகப் போய்ச் சேருகிற இடமும் அதுவே என்று சொல்லிக்கொண்டே அங்கிருந்து ஒரு சிறு துண்டை வெட்டினார் மேஸ்திரி. அதைக் காகிதத்தில் வைத்துச் சுற்றிலும் பென்சிலால் கோடு இழுத்தார். அடுப்பில் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரில் போட்டார். மூன்று நிமிடம் கழித்து இடுக்கியால் எடுத்து, அதே கோட்டின்மேல் வைத்தார். துண்டு ஒரு நூல்கூடச் சுருங்கவில்லை.

“பாஸ் சார். சுருங்கியிருந்தா அந்த டிரம்மை மறுபடி ஓட்டணும்.”

நாகல்கேணியில் ஒரு சிறிய தோல் பதனிடும் ஆலை அது. குரோம்பேட்டையின் மேற்கே, குரோமியத்தோடு இந்த வட்டாரத்துக்கு உள்ள உறவு இன்னும் அறுந்துபோகாத தெருக்களில் ஒன்று. ஜி. ஏ. சேம்பர்ஸ் இங்கே தொடங்கிய குரோம் லெதர் கம்பெனிதான் ஊருக்கே பெயரைக் கொடுத்தது. இன்று மின்ரயிலில் வந்து இறங்குகிறவர்களில் எத்தனை பேர் ஒரு உலோகத்தின் பேரைச் சொல்லி டிக்கெட் எடுக்கிறோம் என்று நினைப்பார்கள்!

அந்த உலோகம் தோலுக்குச் செய்யும் உபகாரம் வெப்பத்தோடு தொடர்புடையது. பச்சைத்தோலை நீரில் போட்டுச் சூடேற்றினால் 60 முதல் 65 டிகிரிக்குள் சட்டெனச் சுருண்டுவிடும். நாம் ஊதிக் குடிக்கும் டீயின் சூடு அவ்வளவுதான். தோலின் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட கயிறு அது. சூடு ஏறும்போது இழைகளைப் பிணைத்திருக்கும் மென்மையான பிணைப்புகள் அறுகின்றன, முறுக்கு அவிழ்கிறது, ஒழுங்கு குலைகிறது. திடப்பொருள் உருகுவதற்கு மிக நெருங்கிய உறவு இது. குறிப்பிட்ட வெப்பநிலையில் நடக்கிறது, நடக்கும்போது வெப்பத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆனால் உருகிய மெழுகு குளிர்ந்தால் மறுபடி மெழுகாகும். சுருங்கிய தோல் பழைய தோலாவதில்லை. மேலும் வேகவைத்தால் கிடைப்பது பசையும் ஜெலட்டினும்தான்.

ஆவாரம்பட்டையில் பதனிடுவது நம் ஊரின் பழைய வழி. அப்படிப் பதப்பட்ட தோல் 80 டிகிரியை ஒட்டிய சூடு வரை தாங்கும். குரோமியமோ அடுத்தடுத்த இழைகளின் அமிலக் கிளைகளைக் குறுக்கே கோத்துவிடுகிறது. அதனால் கொதிநீரிலும் கயிறு அவிழ்வதில்லை. அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் 1884-இல் இதற்கான ஒரு முறைக்குக் காப்புரிமை பெற்றார். மார்ட்டின் டென்னிஸ் 1893-இல் அதை ஒரே தொட்டியில் முடிகிற வேலையாக்கினார். சென்னைக்கு இதைக் கொண்டுவந்ததில் ஆல்ஃபிரட் சாட்டர்டனின் பங்கு பெரிது. எழும்பூர்ப் பக்கத்துக் கலைப்பள்ளியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே அவர் சோதனைகளை ஆரம்பித்துவிட்டார். அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் வந்தது 1948-இல்.

இதே குரோமியம் இந்தப் பகுதியின் நிலத்தடி நீரில் கலந்த கதையும் உண்டு. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வந்த பிறகும், பக்கத்துத் தெருக்காரர்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க யோசிக்கிறார்கள். அது தனியாக எழுதவேண்டிய கட்டுரை. அவசரமாக ஒரு பத்தியில் அடக்குவது நியாயமில்லை.

கொதிநீரை வெல்வது பாதி வேலை என்றால், இன்னொரு பாதி தோலிலிருந்து தண்ணீரை வெளியே அனுப்புவது. எனக்கு இதுதான் அதிகம் பிடித்திருந்தது. மாடியில் கம்பிகளில் தோல்கள் வரிசையாகத் தொங்கின. இரண்டு பெண்கள் ஒவ்வொன்றாகத் தொட்டு, காய்ந்ததை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தொடுவது விரல்நுனியால் அல்ல, புறங்கையால்.

“ஈரம் இருந்தா ஜில்லுனு இருக்கும் சார். ஜில்லு போச்சுன்னா எறக்கிடணும்.”

வெப்பமானியை விட நம்பகமான வழி இது. ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வேண்டும். அதைத் தோலிலிருந்தும் சுற்றியுள்ள காற்றிலிருந்தும் எடுத்துக்கொண்டுதான் அது போகிறது. மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை, எவ்வளவு வெயில் அடித்தாலும் நிழலில் தொங்கும் தோல் காற்றை விடக் குளிர்ந்தே இருக்கும். ஈரம் உள்ளே பின்வாங்கியதும் குளிர்ச்சி போய்விடுகிறது. அந்த நேரத்தைத் தவறவிட்டால் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தோல் விறைத்துவிடும்.

மே மாதத்தில் இது இன்னும் சிக்கலாகும் என்றார் அவர்களில் மூத்தவர். காலையிலிருந்து மேல்காற்று வறட்டு வறட்டென்று அடிக்கும். ஓரம் காய்ந்து நடு ஈரமாகவே நிற்கும். அன்றைக்குக் கடல்காற்று சீக்கிரம் வந்துவிட்டால் பிழைத்தார்கள். கடற்கரையிலிருந்து இவ்வளவு தள்ளி இருப்பதால் அது இங்கே வந்துசேரத் தாமதமாகும். சில நாள் வராமலே போகும். அந்த நாட்களில் தரையில் தண்ணீர் தெளித்து, மேற்குப் பக்கம் சாக்குப் படுதாவை இறக்கிவிடுகிறார்கள். எல்லாரும் காற்றுக்காக ஜன்னலைத் திறக்கும் நேரத்தில் இவர்கள் மூடுகிறார்கள்.

கீழே இருந்த வேக்கம் டிரையருக்குக் கடல்காற்று பற்றிய கவலை இல்லை. வழவழப்பான பெரிய எஃகுத் தட்டு. அடியில் வெந்நீர் ஓடுகிறது. ஈரத்தோலை அதன்மேல் விரித்து, மரப்பிடி போட்ட தகட்டால் மடிப்பில்லாமல் தேய்த்து, மேல்மூடியை இறக்கினால், உள்ளேயிருக்கும் காற்றைப் பம்பு உறிஞ்சிவிடும். அழுத்தம் வளிமண்டலத்தில் பத்தில் ஒரு பங்காகிவிட்டால் தண்ணீர் 45 டிகிரியிலேயே கொதித்துவிடும். “குக்கருக்கு எதிர் மிஷின் சார் இது” என்றான் அதை ஓட்டும் இளைஞன். பாடப்புத்தகத்தில் இத்தனை சுருக்கமாக நான் படித்ததில்லை.

சூடே இல்லாமல் கொதிக்க வைத்துவிடலாமே, தட்டை ஏன் சுடவைக்க வேண்டும் என்று கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே, ஒருமுறை வெந்நீர் வால்வைத் திறக்க மறந்துவிட்டு ஓட்டிய கதையைச் சொன்னான். மூடியைத் தூக்கியபோது தோல் சில்லென்று, போட்ட ஈரத்தோடேயே கிடந்ததாம். அழுத்தத்தைக் குறைத்தால் கொதிநிலை இறங்குமே தவிர, ஆவியாவதற்கு வேண்டிய வெப்பம் குறைவதில்லை. உண்மையில் கொஞ்சம் கூடுகிறது. ஒரு கிராம் நீரை 30 டிகிரியிலிருந்து 45-க்குக் கொண்டுவர 15 கலோரி போதும். அங்கிருந்து ஆவியாக்க 570-க்கு மேல். அந்தக் கணக்கைத் தட்டுதான் ஒவ்வொரு நொடியும் தீர்க்க வேண்டும். தோல் தட்டில் படியாமல் எங்கேயாவது ஒரு மடிப்பு விட்டால், அந்த இடத்துக்கு வெப்பம் போகாது. அங்கே மட்டும் ஈரத்திட்டாக நிற்கும். அவன் அவ்வளவு அழுத்தித் தேய்ப்பது அதனால்தான்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கையில் மின்சாரம் போயிற்று. பேச்சை அப்படியே விட்டுவிட்டு அவன் வால்வைத் திறந்து காற்றை உள்ளே விட்டான். அரவம் கேட்டு ஓடிவந்த இன்னொருவரோடு சேர்ந்து மூடியைத் தூக்கி, தோலை உருவி, தோல் போடும் குதிரைச் சட்டத்தின்மேல் போட்டான். பம்பு நின்றதும் உள்ளே கொதிப்பு நின்றுவிடும், தட்டு மட்டும் சூடாகவே இருக்கும், ஆவியாகப் போய்க்கொண்டிருந்த சூடெல்லாம் அப்புறம் தோலுக்குள்தான் இறங்கும் என்று மூச்சு வாங்கிக்கொண்டே விளக்கினான். ஜெனரேட்டர் எடுத்தவுடன் அதே தோலை மறுபடி தட்டில் விரித்தான்.